இறுக்காமல் விட்ட செயின்

டிசம்பர் 5, செவ்வாய்

பள்ளியில் இன்று பட்டாணி சூப். நூற்று நாற்பது பிள்ளைகளில் நூறு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்தார்கள், மிச்ச நாற்பது பேர் குடிக்கவே இல்லை. முப்பது வருஷமாக இந்த சூப்பை வைக்கிறேன். ஒரு பிள்ளையாவது நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை.

வரும் வழியில், எங்கள் சாலையில் வெல்டிங் செய்கிற ரூடி வீட்டில் நிறுத்தி, பனியில் வழுக்காமலிருக்க டிராக்டர் சக்கரத்தில் சுற்றும் செயினை வாங்கிக்கொண்டேன். போன மார்ச்சில் அறுந்த கண்ணியைப் பற்றவைத்து, மற்ற கண்ணிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, எண்ணெய் பூசி, சாக்கில் கட்டி வைத்திருந்தார். காசு என்று வாயைத் திறந்தால் அவருக்குக் கோபம் வரும். ஏலக்காய் ரொட்டி ஒன்று கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "இந்தத் தடவை திராட்சை போடலையே? நல்லது" என்றார். போன தடவை போட்டதற்கான விமர்சனம் இப்போதுதான் வருகிறது, எட்டு மாதம் கழித்து.

என் வீட்டுக்காரன் வெஸ் கப்பலிலிருந்து கூப்பிட்டான். டுலூத் துறைமுகத்தில் இரும்புத்தாது ஏற்றுகிறார்களாம். ஜனவரி பாதியில் குளிர்காலத்துக்குக் கப்பலைக் கரையில் கட்டிப்போட்டுவிட்டு வந்துவிடுவான். அதுவரை பனி தள்ளுவது என் பாடு.

டிசம்பர் 12, செவ்வாய்

ஏரியிலிருந்து காற்று. மதியத்திலிருந்து பனி கொட்டுகிறது. நாளை பள்ளி விடுமுறை என்று சொல்லிவிட்டார்கள்.

நாளை புதன். மேட்டு வீட்டு எல்மரின் மனைவி வியெனோவுக்கு டயாலிசிஸ் நாள். எட்டே கால் மணிக்கு அவள் டவுனில் இருக்க வேண்டும், ஏழு இருபதுக்காவது எல்மர் வண்டியைக் கீழே இறக்கியாக வேண்டும். அவர்கள் வீட்டு ஏற்றம் எங்கள் சாலையிலேயே மோசமானது. நடுவில் ஒரு வளைவு, ஒரு பக்கம் பள்ளம். ஆறு குளிர்காலமாக அதில் பனியை நான்தான் தள்ளிக் கொடுக்கிறேன். எல்மர் ஒருநாளும் கேட்டதில்லை. நானும் செய்யட்டுமா என்று கேட்டதில்லை. அப்படியே நடக்கிறது.

சாயங்காலம் கொட்டகையில் செயினை மாட்டினேன். விரல்கள் மரத்துப்போய்விட்டன. உள்பக்கக் கொக்கியைக் கையுறையோடு மாட்ட வராது, கையுறையைக் கழற்றினால் இரும்பு தோலை உரித்துவிடும். திட்டிக்கொண்டே மாட்டி முடித்தேன்.

டிசம்பர் 13, புதன்

எழுத வேண்டாம் என்று பார்த்தேன். எழுதாவிட்டால் தூக்கம் வராது போலிருக்கிறது.

காலை ஆறரைக்கு எல்மர் வீட்டு ஏற்றத்தில் ஏறினேன். வளைவில் இடது பின் சக்கரத்துச் செயின் கழன்று அச்சில் சுற்றிக்கொண்டது. சக்கரம் நின்றுவிட்டது. டிராக்டர் பின்னால் வழுக்கி, திரும்பி, பாதைக்குக் குறுக்கே நின்றது. பின் சக்கரம் பள்ளத்தில், பனி அள்ளும் முன் பக்கெட் ஸ்ப்ரூஸ் மரத்தில். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

எல்மர் மேலிருந்து மண்வெட்டியோடு இறங்கி வந்தார். எழுபத்து நாலு வயது. டிராக்டரைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார், தொங்கிக்கொண்டிருந்த செயினைப் பார்த்தார்.

"என்ன போச்சு?"

"செயின் அறுந்துபோச்சு."

"ரூடி பத்தவச்ச கண்ணியா?"

"ம்" என்றேன்.

அவ்வளவுதான். ஒரு ம்.

இழுவை வண்டி பதினொன்றரைக்குத்தான் வந்தது. அதற்கு முன்னால் பத்துப் பேர் பள்ளத்தில் கிடந்தார்களாம். வியெனோ வாசலுக்கு வந்து போர்வையைச் சுற்றிக்கொண்டு, "விடுங்கப்பா, வெள்ளிக்கிழமை போய்க்கிறேன், நான் என்ன கல்யாணத்துக்கா போறேன்" என்று கத்தினாள். எல்மர் அதற்குச் சிரிக்கவில்லை.

பிறகு கொட்டகையில் செயினை விரித்து வைத்துப் பார்த்தேன். ரூடி பற்றவைத்த கண்ணி அப்படியே இருக்கிறது. அறுந்தது அதற்கு மூன்று கண்ணி தள்ளி, அச்சில் சுற்றி இழுத்ததில் அறுந்திருக்கிறது. அறுந்ததால் கழலவில்லை. கழன்றதால் அறுந்தது. ஏன் கழன்றது?

மாட்டியபின் ஐம்பது அடி ஓட்டிவிட்டு, இறங்கி, தொய்வை இழுத்து இன்னொரு கண்ணி இறுக்க வேண்டும். இது எனக்குத் தெரியாததா? வெஸ்ஸுக்கே சொல்லிக் கொடுத்தவள் நான். நேற்று இரவு ஓட்டவில்லை. இன்று காலை ஓட்டும்போது, இறங்கவில்லை. குளிர். மைனஸ் பதினெட்டு. ஒரு தடவைதானே என்று நினைத்தேன்.

டிசம்பர் 14, வியாழன்

நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். இன்று யாரும் எங்கேயும் போக முடியாது. வியெனோவும்தான்.

டிசம்பர் 15, வெள்ளி

விடியற்காலை வியெனோவுக்கு மூச்சு விட முடியவில்லை. நுரையீரலில் நீர். ஆம்புலன்ஸில் கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள்.

அந்தப் பாதையை இன்று காலை நான்தான் தள்ளினேன். பழைய செயினில் வலது பக்கத்தை மட்டும் மாட்டிக்கொண்டு, ஆமை மாதிரி. ஆம்புலன்ஸ் என்னைக் கடந்து போனபோது எல்மர் பின்னால் தன் வண்டியில் போனார். எனக்குக் கையாட்டினார். ஆட்டாமல் போயிருக்கலாம்.

டிசம்பர் 17, ஞாயிறு

வியெனோ தேறிவிட்டாள். நாளை வீட்டுக்கு அனுப்புவார்களாம்.

நேற்று சனிக்கிழமை. முப்பது வருஷமாக சனிக்கிழமை சாயங்காலம் எல்மரும் வியெனோவும் ரூடி வீட்டு சவுனாவுக்கு, நீராவிக் குளியலுக்கு, போவார்கள். ரூடிக்கு யாரும் கிடையாது, கல்யாணம் ஆகவில்லை. வாரத்தில் ஆறு நாள் அவர் பேசுவது நாயோடு மட்டும்தான். ஏழாம் நாள் எல்மரோடு. அதுவும் அதிகம் பேச மாட்டார்கள், சூடான கல்லில் தண்ணீரை ஊற்றிவிட்டு ஆளுக்கொரு பக்கம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று வியெனோ சொல்வாள்.

நேற்று ரூடி சவுனா அடுப்பை மூட்டியிருந்தார். புகை தெரிந்தது. எல்மர் ஆஸ்பத்திரியிலிருந்து ஐந்து மணிக்கே வந்துவிட்டார், எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போனார். ரூடி வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

ஆஸ்பத்திரியில் களைத்துப் போயிருப்பார். அதனால்தான் போகவில்லை. வேறு எதற்கு?

இப்படி எழுதிப் பார்த்தால் நம்ப முடிகிறதா என்று பார்த்தேன். முடியவில்லை.

டிசம்பர் 18, திங்கள்

வியெனோவுக்கு ரொட்டி சுட்டுக் கொண்டு போனேன். எல்மர் வாசலில் வாங்கிக்கொண்டார். "நீ ஒருத்திதான் இந்த ரோட்டுல நான் நம்பற ஆளு" என்றார். எல்மர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. அங்கே நிற்க முடியாமல் ஓடி வந்துவிட்டேன்.

அப்போது சொல்லியிருக்கலாம். அதுதான் சரியான இடம்.

டிசம்பர் 20, புதன்

ரூடி வந்தார்.

பள்ளியிலிருந்து வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவர் வண்டி வந்து நின்றது. சாக்கில் எதையோ தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு படியேறினார். புதுச் செயின். இரண்டு சக்கரத்துக்கும்.

"இது எதுக்கு?" என்றேன்.

"என் வேலை தப்பாப் போச்சு. உனக்கு ஏதாவது ஆகியிருந்தா வெஸ்ஸுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?"

உள்ளே கூப்பிட்டேன். வேறென்ன செய்வது. காப்பி கொடுத்தேன். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார். இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

"வருஷக்கணக்கா பத்தவைக்கிறேன், லின்னியா. எது பிடிக்கும் எது பிடிக்காதுன்னு சத்தத்துலேயே தெரியும். இந்தக் கண்ணி பிடிச்சிருச்சுன்னுதான் நெனச்சேன். போன வருஷம் கண்ணுல ஆபரேஷன் ஆச்சுல்ல, அதுக்கப்புறம் சரியாத் தெரியலை போல. தெரியலைங்கறதே தெரியலை, அதான் பயமா இருக்கு."

"ஒரு கண்ணிதானே ரூடி" என்றேன். அட சண்டாளி. ஒரு கண்ணிதானே என்றேன்.

"அந்தப் பிஞ்ச துண்டைக் குடு. எந்த எடத்துல விட்டுச்சுன்னு பாக்கணும்."

"தூக்கிப் போட்டுட்டேன்."

தலையை ஆட்டினார். காப்பியைக் குடித்து முடித்தார். கோப்பையைக் கழுவித் தொட்டியில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

செயின் நிலவறையில் இருக்கிறது. உருளைக்கிழங்குப் பெட்டிக்குக் கீழே. நான்தான் வைத்தேன், பதின்மூன்றாம் தேதியே.

டிசம்பர் 21, வியாழன்

புதுச் செயினை மாட்டிக்கொண்டு இன்று பனி தள்ளினேன். ஐம்பது அடியில் இறங்கி இறுக்கினேன். இன்னொரு ஐம்பது அடியில் மறுபடி இறுக்கினேன். யாருக்குக் காட்ட?

ரூடி சாலையில் எதிரே வந்தார். செயினைப் பார்த்தார். கையாட்டினேன்.

டிசம்பர் 24, ஞாயிறு

கிறிஸ்துமஸ் சவுனா. வருஷத்தில் எந்தச் சனிக்கிழமையை விட்டாலும் இதை யாரும் விட மாட்டார்கள். சண்டைக்காரன்கூட இன்று சவுனாவுக்குக் கூப்பிட்டால் போவான்.

மூன்று மணிக்கு ரூடி வீட்டுப் புகை எழுந்தது. கிறிஸ்துமஸ் வழக்கப்படி கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத் திரும்பும்போது பார்த்தேன், சவுனாவிலிருந்து அவர் வீட்டு வாசல் வரைக்கும் பாதையை விளிம்பு வைத்த மாதிரி வெட்டியிருந்தார். மூன்று பேருக்கு வெட்டிய அகலம். ஒருவர் கால்தடம்தான் இருந்தது.

ராத்திரி பத்து மணி ஆராதனைக்குக் கோயிலில் எல்மர் முன் வரிசையில், ரூடி கடைசி வரிசையில். நான் நடுவில். பாட்டுப் புத்தகத்தை எல்லாரும் திறந்தபோது நானும் திறந்தேன். என்ன பாட்டு என்று இப்போது கேட்டால் தெரியாது.

ஜனவரி 2, செவ்வாய்

பள்ளி திறந்தது. பஸ் ஓட்டும் மார்லின் காப்பி வாங்க வந்தபோது சமையலறைக் கதவில் சாய்ந்துகொண்டு, "ரூடி இனிமே பத்தவைக்க மாட்டாராம், தெரியுமா? என் பனிக் கலப்பையைத் திருப்பிக் குடுத்துட்டாரு. டவுனுக்குக் கொண்டு போன்னுட்டாரு" என்றான்.

"ஏனாம்?"

"உன் கதைதான். கண்ணு போயிருச்சாம் அவருக்கு. பாவம். வியெனோ சாகத் தெரிஞ்சாளே. நீயும்தான்."

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன், அது ஒரு வசதி.

ஜனவரி 10, புதன்

கூட்டுறவுக் கடை அறிவிப்புப் பலகையில் ஒரு சீட்டு. பெரிய எழுத்தில், கோணல்மாணலாக. வெல்டிங் மெஷின், மேசை, முகமூடி, எல்லாம் சேர்த்து விற்பனைக்கு. ரூடி. ஃபோன் நம்பர்.

மாவு வாங்கப் போனேன். மாவு வாங்காமல் வந்துவிட்டேன்.

இது அவர் இடுப்பிலிருந்து எலும்பை எடுத்து விற்கிற மாதிரி. அந்தக் கொட்டகையில்தான் அவர் யாருமில்லாதவராக இருப்பதில்லை. யாராவது ஒடிந்ததைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், கொஞ்ச நேரம் நிற்பார்கள். இப்போது எல்மரும் இல்லை, கொட்டகையும் இல்லை. என் வாயிலிருந்து ஒரு ம்.

சொன்னால் என்ன ஆகும்? எல்மர் என்னைப் பார்க்க மாட்டார். வியெனோ சிரிப்பாள், அது அதைவிட மோசம். பள்ளியில், கடையில், கோயிலில் எல்லாருக்கும் தெரியும். இந்த ஊரில் ஐம்பத்தாறு வருஷம் நல்லவள் என்று பேர் வாங்கியிருக்கிறேன். அதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறேன், சூப் வைக்கவா?

ஜனவரி 17, புதன்

வெஸ் வந்துவிட்டான். மூன்று மூட்டைத் துணி, ஒரு பக்கத் தாடி. இன்னொரு பக்கம் கப்பலில் யாரோ பந்தயத்தில் சிரைத்துவிட்டானாம். ஐம்பத்தெட்டு வயது ஆளுக்கு.

சொல்லவில்லை. முதல் நாளே எதற்கு.

ஜனவரி 19, வெள்ளி

உருளைக்கிழங்கு எடுக்க வெஸ் நிலவறைக்குப் போனான். அவனை அனுப்பியது நான்தான். மறந்துவிட்டேனா, இல்லை கண்டுபிடிக்கட்டும் என்று அனுப்பினேனா — தெரியவில்லை.

செயினைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறி வந்தான். "என்ன கிழவி, கிழங்குக்கு அடியில செயின் வளக்கறியா?" என்றான். மேசையில் விரித்தான். சிரித்துக்கொண்டே விரலால் ஒவ்வொரு கண்ணியாகத் தடவிக்கொண்டு போனவன், பற்றவைத்த இடத்தில் நின்றான். அறுந்த இடத்துக்குப் போனான். திரும்ப வந்தான். சிரிப்பு போய்விட்டது.

"ரூடி வச்ச கண்ணி நல்லா இருக்கே, லின்."

"ம்" என்றேன். அதே ம். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் இறுக்கல, எறங்கவே இல்ல, குளிரா இருந்துச்சு, எல்மர் கேட்டாரு, ம்னுட்டேன், அவ்ளோதான், அப்புறம் சொல்லவே முடியல வெஸ், எப்படிச் சொல்றது, அவரு செயின் வாங்கிட்டு வந்து நிக்கிறாரு, நான் காப்பி போட்டுக் குடுக்கறேன் —

அவன் என்னைத் திட்டவில்லை. தட்டிக்கொடுக்கவும் இல்லை. "கடையில சீட்டு ஒட்டியிருக்காரே, பாத்தியா?" என்று மட்டும் கேட்டான்.

"பாத்தேன்."

"எப்போ?"

"பத்தாம் தேதி."

விரலை விட்டு எண்ணினான். ஒன்பது நாள். எண்ணி முடித்துவிட்டுக் கிழங்கை உரிக்க உட்கார்ந்தான்.

இரவு சாப்பிடும்போது, "நான் போய்ச் சொல்லட்டுமா?" என்றான். வேண்டாம் என்றேன். "நானும் அதான் நெனச்சேன்" என்றான்.

ஜனவரி 21, ஞாயிறு

போகவில்லை. பனி பெய்தது என்று ஒரு சாக்கு. பெய்தது உண்மைதான், அரை அங்குலம்.

ஜனவரி 22, திங்கள்

போனேன்.

ரூடி கொட்டகையில் பெருக்கிக்கொண்டிருந்தார். மெஷினைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். சனிக்கிழமை ஒருவர் வந்து பார்க்கப் போகிறாராம். செயினை அவர் மேசையில் போட்டேன். சத்தத்தில் நாய் எழுந்து போய்விட்டது.

"தூக்கிப் போடலை. ஒளிச்சு வச்சிருந்தேன். உங்க கண்ணி விடலை. நான் இறுக்கலை ரூடி. ஓட்டிட்டு எறங்கி இறுக்கணும்ல, அதைச் செய்யலை. கழண்டு அச்சுல சுத்துச்சு. எல்மர் உங்க கண்ணியான்னு கேட்டாரு. நான் ஆமாம்ன மாதிரி இருந்துட்டேன்."

அவர் செயினை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டு போனார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார். பற்றவைத்த இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார், ரொம்ப நேரம். முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கண் டாக்டர்கிட்ட ரெண்டு தடவை போனேன்" என்றார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. "ஒண்ணுமில்ல, இருபது வயசுப் பையன் கண்ணு மாதிரி இருக்குன்னாரு. நான் நம்பலை. அவருக்கும் கண்ணு போயிருச்சோன்னு நெனச்சேன்."

சிரிப்பதற்காகச் சொன்னாரா என்று தெரியவில்லை. நான் சிரிக்கவில்லை.

அப்புறம் திரும்பினார். முகம் சிவந்திருந்தது. "நான் கொண்டாந்த செயினை மாட்டிக்கிட்டு, ரோட்டுல எனக்குக் கையாட்டிட்டுப் போனியே."

"ஆமா."

"கிறிஸ்துமஸ் அன்னைக்கு ராத்திரி எட்டு மணி வரைக்கும் அடுப்புக்கு விறகு போட்டேன். எல்மர் வருவான் வருவான்னு."

தெரியும் என்றேன். புகையைப் பார்த்தேன் என்றேன். சொல்லாமலிருந்திருக்கலாம், ஆனால் இனி எதையும் மறைக்கிற தெம்பு எனக்கு இல்லை.

புதுச் செயினைத் திருப்பிக் கொண்டு வருகிறேன் என்றேன்.

"வச்சுக்க. அது வியெனோவுக்காகக் குடுத்தது. உனக்கில்ல." பெருக்குமாறை எடுத்துக்கொண்டார். "எல்மர்கிட்ட நீதான் சொல்லணும். நான் போய்ச் சொல்ல மாட்டேன்."

வண்டியில் உட்கார்ந்து அழுதேன். அவர் வாசலிலேயே. அது வேறு அசிங்கம், தள்ளிப் போய் அழத் தோன்றவில்லை.

ஜனவரி 23, செவ்வாய்

எல்மர். வாசலில்தான். உள்ளே வா என்றார், வேண்டாம் என்றேன். நின்றபடியே சொன்னேன். மூன்று வாக்கியத்தில் முடிந்துவிட்டது. நாற்பது நாள் தூக்கிச் சுமந்தது மூன்று வாக்கியம்தான் இருந்தது.

"சரி" என்றார்.

கதவைச் சாத்தினார். அடித்துச் சாத்தவில்லை. நான் இரண்டு படி இறங்கினேன், கதவு மறுபடி திறந்தது. ரொட்டி கொண்டு போன என் தட்டு. கழுவித் துடைத்து வைத்திருந்தார். "உன் தட்டு" என்றார்.

உள்ளே வியெனோ, "யாரு? லின்னியாவா? ஏன் நிக்கிறா?" என்று கேட்டது காதில் விழுந்தது.

ஜனவரி 24, புதன்

நான்கு அங்குலம் பனி. ஐந்தே முக்காலுக்கு எல்மர் பாதைக்குப் போனேன். யாரோ ஏற்கனவே தள்ளியிருந்தார்கள். அடியில் ரூடியின் டிராக்டர் தடம், அவருடைய டயர் எனக்குத் தெரியும். ஓரமெல்லாம் கத்தியால் வெட்டிய மாதிரி இருந்தது. நான் தள்ளினால் அப்படி வராது.

பனி தள்ளாமலே டிராக்டரோடு திரும்பி வந்தேன். திருப்ப நல்ல இடம்கூட அங்கே இல்லை, பின்னோக்கி ஓட்டியே சாலை வரைக்கும் வர வேண்டியிருந்தது.

ஜனவரி 25, வியாழன்

இரண்டு பேரிடம் சொன்னால் போதுமா? ஊரே ரூடிக்குக் கண் போய்விட்டது என்றுதான் பேசுகிறது. ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லவும் முடியாது, எனக்கு அவ்வளவு தைரியமும் கிடையாது.

கூட்டுறவுக் கடைக்குப் போனேன். அவருடைய சீட்டுக்குப் பக்கத்தில் என் சீட்டை ஒட்டினேன்: "டிசம்பர் 13 அன்று அறுந்தது ரூடி பற்றவைத்த கண்ணி அல்ல. செயினை இறுக்காமல் ஓட்டியது நான். லின்னியா."

கல்லாவில் இருக்கும் பெண் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து படித்தாள். "இதை எத்தனை நாள் ஒட்டி வைக்கணும்?" என்று கேட்டாள். பூனைக்குட்டி விற்கிற சீட்டைக் கேட்கிற மாதிரி.

"நீங்க எத்தனை நாள் விடுவீங்க?"

"முப்பது."

"முப்பது."

ஜனவரி 26, வெள்ளி

மார்லின் சமையலறைக்குள் தலையை நீட்டி, "லின்னியா, சூப் சட்டி மூடியை இறுக்கிட்டியா?" என்றான். பின்னால் இரண்டு டிரைவர்கள் சிரித்தார்கள். அடுத்தது பால் கொண்டு வருகிறவன், "இந்தா, மூடியெல்லாம் நான் பாத்துட்டேன், நீ கவலைப்படாத." சூப்பைக் கிளறிக்கொண்டே இருந்தேன். காது எரிந்தது. போன வாரம் வரைக்கும் இவர்கள் ரூடியைத்தான் பேசினார்கள், ரூடி கேட்காத இடத்தில். என்னை என் முன்னாலேயே பேசுகிறார்கள். அந்த அளவுக்காவது எனக்கு நல்லது.

ஜனவரி 27, சனி

ரூடியின் சீட்டு பலகையில் இல்லை. என்னுடையது இருக்கிறது. அடியில் யாரோ பென்சிலில் "வலது பக்கமும் பாரு" என்று எழுதியிருக்கிறார்கள்.

சாயங்காலம் வெஸ் ஜன்னலருகே நின்றுகொண்டு, "வா, வந்து பாரு" என்றான். எல்மரின் வண்டி ரூடி வீட்டுப் பக்கம் திரும்பியது. வியெனோ முன் சீட்டில், மடியில் துண்டு மூட்டை.

சந்தோஷமாக இருந்தது. உண்மையாகவே. அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் எங்கள் சவுனாவை மூட்டினோம். அதில் தண்ணீர் ஊற்றியபோது வெஸ், "அவங்க இப்ப சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க" என்றான். நானும் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 9, வெள்ளி

ஏழு தடவை பனி பெய்துவிட்டது. ஏழு தடவையும் ரூடிதான். நான் எங்கள் வாசலை மட்டும் தள்ளிவிட்டு உள்ளே வருகிறேன். பத்து நிமிஷ வேலை. டிராக்டருக்குச் சூடுகூட ஏறுவதில்லை.

கடையில் எல்மரைப் பார்த்தேன். மாவு வரிசையில் நான், காப்பி வரிசையில் அவர். தலையை ஆட்டினார். எல்லாருக்கும் ஆட்டுவாரே, அந்த ஆட்டல்.

பிப்ரவரி 14, புதன்

ரூடி மார்லினுக்குக் கலப்பையைப் பற்றவைத்துக் கொடுத்துவிட்டாராம்.

பிப்ரவரி 20, செவ்வாய்

காலையிலிருந்து ஏரிப் பனி. இரண்டடி வரும் என்கிறார்கள். இரவு ஏழு மணிக்கு ஃபோன். வியெனோ.

"ரூடிக்குக் காய்ச்சல். எந்திரிக்க முடியலையாம். நாளைக்கு நீ வருவியா?"

"வெஸ்ஸை அனுப்பறேன் வியெனோ. அவன் நல்லா ஓட்டுவான்."

"வெஸ்ஸையா கேட்டேன்?" இருமினாள். "எல்மர் உன்னைக் கேக்க மாட்டாரு. அவரு யாரையும் கேட்டதில்ல, உனக்குத் தெரியும். அதான் நான் கேக்கறேன். நான் நாளைக்கு டயாலிசிஸுக்குப் போகணும், லின்னியா. நான் இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்னு ஆசைப்படறேன், அவ்வளவுதான்."

"எல்மருக்குத் தெரியுமா நீ கூப்பிடறது?"

"பக்கத்துலதான் உக்காந்திருக்காரு. பேப்பரைத் தலைகீழா வச்சுக்கிட்டு."

வருகிறேன் என்றேன். ஃபோனை வைத்தேன். வெஸ் என் கையுறைகளை அடுப்பு மேல் காயப் போட்டான்.

பிப்ரவரி 21, புதன்

பள்ளிக்குத் தாமதமாக வருவேன் என்று சொல்லிவிட்டேன். நாலேமுக்காலுக்கு எழுந்தேன். செயினைக் கொட்டகையில் ஒரு தடவை இறுக்கினேன். ஐம்பது அடி ஓட்டி இறங்கி இறுக்கினேன். சாலையில் ஏறிய பின் மறுபடி இறங்கினேன். கையுறை இல்லாமல். விரல் நுனியில் தோல் இரண்டு இடத்தில் போய்விட்டது.

எல்மர் வீட்டு ஏற்றத்தின் அடியில் ஒரு வெளிச்சம். டார்ச் விளக்கோடு நின்றுகொண்டிருந்தார். முழங்கால் வரைக்கும் பனியில், அவ்வளவு தூரம் மேலிருந்து நடந்து இறங்கி வந்திருக்கிறார். கையைத் தூக்கினார், நிறுத்தினேன்.

குட் மார்னிங் என்று ஒன்றும் இல்லை. இடது சக்கரத்தின் பக்கம் வந்து மண்டியிட்டார். விளக்கை வாயில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் செயினைப் பிடித்து ஒவ்வொரு கண்ணியாக அசைத்துப் பார்த்தார். உள்பக்கக் கொக்கி வரைக்கும் கையை விட்டுப் பார்த்தார். நான் மேலே உட்கார்ந்து அவர் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து சுற்றிப் போய் வலது பக்கமும் அதே மாதிரி. ஐம்பத்தாறு வயதில் என்னை ஒருவர் இப்படிச் சோதித்ததில்லை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இறங்கி ஓடலாமா என்றுகூட இருந்தது. ஓடவில்லை, உட்கார்ந்திருந்தேன். அவருக்கு இந்த உரிமை உண்டு.

மறுபடி இடது பக்கம் வந்தார். விளக்கை வாயிலிருந்து எடுத்தார்.

"இறுக்கினா இன்னும் ஒரு கண்ணி போகும்."

போகாது. மூன்று தடவை இறுக்கியிருக்கிறேன், எனக்குத் தெரியும். இறங்கினேன். அவர் விளக்கைப் பிடித்துக்கொண்டார். காலை டயரில் முட்டுக் கொடுத்து இழுத்தேன்.

போனது.

"இப்ப ஏறு" என்றார்.

ஏழு இருபதுக்கு அவர்கள் வண்டி கீழே இறங்கியது.